எடைச்சீட்டுக்குப் பொருள் சொன்ன சங்கம்

மக்கள் முன்னேற்றக் கூட்டுறவுப் பண்டகசாலையைப் பற்றித் திண்டுக்கல்லில் யாரும் குறை சொல்வதில்லை. குறை சொன்னால் அதை விசாரிக்க ஓர் உபகுழு போடுவார்கள். உபகுழு போட்டால் குறை சொன்னவர் வாராவாரம் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அதற்குப் பயந்தே ஊர் வாயைப் பொத்திக்கொண்டு, பண்டகசாலை பிரமாதமாக நடக்கிறது என்று சொல்லிவந்தது.

ஒருமுறை சர்க்கரை மூட்டைகள் வந்து இறங்கின. குடும்பத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடிக் கூடிக் கலைந்தது. கடைசியில் தீர்மானம் நிறைவேறி, கைதட்டி, மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எறும்பு கொண்டுபோயிருந்தது. எறும்புகளுக்குக் கூட்டம் போடும் பழக்கம் இல்லை. அந்த எறும்புகளைக் கண்டித்தும் ஒரு தீர்மானம் உண்டு.

இந்தப் பண்டகசாலையின் வாசலில்தான் எடை பார்க்கும் எந்திரம் வந்து நின்றது. பம்பாயிலிருந்து வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மேலே ஏறி நின்று காசு போட்டால் கலர் பல்புகள் சுழன்று, வயிற்றுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டு, கீழே ஒரு சீட்டு விழும். சீட்டின் ஒரு பக்கம் சினிமா நடிகையின் படம். மறுபக்கம் எடையும், எடை பார்த்தவருடைய எதிர்காலமும் ஆங்கிலத்தில் இருக்கும். சங்கத் தலைவர் பொன்னழகுவுக்கு இது பொறுக்கவில்லை. நடிகையின் படம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று சொல்லி அந்த இடத்தில் தம்முடைய படத்தைப் போடச் செய்தார். எதிர்காலத்தையும் தமிழில் எழுதி அச்சடிக்க உத்தரவிட்டார். திறப்பு விழா அன்று அவரே முதலில் ஏறி நின்றார். கழுத்தில் கிடந்த மாலைகளோடு ஏறியதால் எடை கூடுதலாகக் காட்டியது. மாலைகளின் எடையைக் கழிப்பதா வேண்டாமா என்பது இன்றைக்கும் பரிசீலனையில் இருக்கிறது.

அந்த எந்திரத்தில் ஏறித்தான் நூர் முகமது வம்பில் மாட்டிக்கொண்டான்.

நூர் முகமதுக்கு முப்பது வயது ஆகப்போகிறது. கடைவீதியில் அவனுடைய அக்காள் சைனம்புவின் வீட்டுக்காரர் வைத்திருந்த செருப்புக் கடையில் இருந்தான். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு குறை, எதையும் முடிவு செய்யத் தெரியாது. டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். சட்டைத் துணியிலிருந்து சாப்பாட்டு வெஞ்சனம் வரைக்கும் எல்லாம் அக்காள் பார்த்து முடிவு செய்ததுதான். அவனும் அதில் சந்தோஷமாகவே இருந்தான், ஷரீஃபா கடைக்கு வருகிற வரைக்கும்.

ஷரீஃபா சித்தையன்கோட்டை வாழைக்காய் மண்டி கிதர் முகம்மதுவின் மகள். அத்தாவோடு கடைக்கு வந்தவள் முன்னால் நூர் முகமது செருப்புகளைப் பரப்பினான். இது உழைக்கும், அது மெத்தென்று இருக்கும், இன்னொன்று மழைக்குத் தாங்கும் என்று எல்லாவற்றையும் சரிசமமாகப் புகழ்ந்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள். நூர் முகமது பக்கத்தில் நின்ற அவளுடைய அத்தாவின் முகத்தைப் பார்த்தான். அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளே ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சைனம்பு விஷயத்தை மோப்பம் பிடித்து, சித்தையன்கோட்டைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கிதர் முகம்மதுவுக்கு மறுப்பு இல்லை. மகள்தான் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அக்கா வந்து சொன்னாப் போதாதாம்," என்று சைனம்பு தம்பியிடம் சொன்னாள். "நோன்புப் பிறை தெரியறதுக்குள்ள நீயே அவக அத்தாகிட்ட உன் வாயால ஒரு வார்த்தை சொல்லணுமாம். இல்லேன்னா வத்தலக்குண்டு அரிசி ஆலைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துருவாகளாம். என்னடா சொல்ற?"

"நீ என்னக்கா சொல்ற?" என்றான் நூர் முகமது.

சைனம்பு கையில் இருந்த கரண்டியை அடுப்படிக்குள் வீசிவிட்டுப் போனாள்.

யோசித்துக்கொண்டே நடந்தவன் பண்டகசாலை வாசலில் எந்திரத்தைப் பார்த்தான். கிளி ஜோசியக்காரரிடம் போனால் அக்காள் வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். குறி கேட்பது கூடாது. எடை பார்ப்பது கூடும், அது விஞ்ஞானம். இப்படி மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறிக் காசைப் போட்டான். பல்புகள் சுழன்றன. சீட்டு விழுந்தது. தலைவரின் படத்தைத் திருப்பிப் பார்த்தால் இப்படி இருந்தது:

'வாழ்வின் முக்கிய முடிவு ஒன்று உன் வாசலில் நிற்கிறது. தயங்காமல் முடிவெடு. அவசரப்பட்டு முடிவெடுக்காதே.'

முதல் வரியில் அவனுக்கு மெய்சிலிர்த்தது. இரண்டாவதில் தைரியம் வந்தது. மூன்றாவதில் வந்த தைரியம் அப்படியே போய்விட்டது.

வீட்டில் காட்டினான். சைனம்பு சீட்டைத் தொடாமலே பார்த்தாள்.

"இது குறி இல்லையாடா?"

"இல்லக்கா. எடை."

"எடைக்குத்தான் காசு குடுத்தேன்னா எடையை மட்டும் பாரு. மிச்சத்தைக் கிழிச்சுப் போடு."

கிழிக்கலாமா வேண்டாமா என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. வாசகத்தை எழுதியவர்கள் உள்ளூரில்தானே இருக்கிறார்கள், அவர்களையே அர்த்தம் கேட்டுவிடலாம் என்று மறுநாள் பண்டகசாலைக்குப் போனான்.

செயலாளர் பெருமாள்சாமி நாற்பது வயதுக்காரர். கல்யாணமாகாதவர். ஒழுங்கான மனிதர். தும்மல் வந்தால்கூட விதிமுறையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தும்முவார். அவருடைய நாற்காலி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடக்காமல், துணிப் பிரிவைப் பார்த்துக் கிடந்தது. துணிப் பிரிவில் மாயம்மாள் என்கிற, அவரைப் போலவே கல்யாணமாகாத அம்மாள் மல் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உறுப்பினரா?" என்றார் பெருமாள்சாமி.

"இல்லீங்கய்யா. எடை பாத்தேன். சீட்டுக்கு அர்த்தம் கேக்க வந்தேன்."

"சீட்டு உங்களுது, தம்பி. அர்த்தம் சங்கத்துது. உறுப்பினராகாம அதைக் குடுக்கறதுக்கு வழியில்லை."

நூர் முகமது ஒரு பங்கு வாங்கி உறுப்பினரானான். உடனே அவனுக்குக் கைகுலுக்கி, பொருள் விளக்க உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பொன்னழகு, துணைத்தலைவர் முத்துச்சாமி, செயலாளர் பெருமாள்சாமி ஆகிய மூவர். நூர் முகமதுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் ஒருவனுக்காக மூன்று பெரிய மனிதர்கள் உட்காருகிறார்களே என்று கண் கலங்கினான்.

உபகுழு முதல் வேலையாக அவனை மறுபடியும் எந்திரத்தில் ஏற்றியது. ஷரீஃபா நினைவில் சரியாகச் சாப்பிடாததால் எடை குறைந்திருந்தது. துணைத்தலைவர் முத்துச்சாமி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எடை வேறயா இருக்கு. அந்தச் சீட்டு அந்த எடைக்காரருக்குக் குடுத்தது. இவரு அவருதானா?"

"நான்தாங்கய்யா அது," என்றான் நூர் முகமது.

"நீங்க சொன்னா எப்படி ஆகும்? உங்களை நீங்களே சிபாரிசு பண்ணிக்கிற மாதிரி ஆகிரும்."

தலைவர் இதை மறுத்தார். ஆள் ஒருவர்தான், எடைதான் இரண்டு என்றார். துணைத்தலைவர் எடை இரண்டென்றால் ஆளும் இரண்டு என்றார். தலைவர் ஒன்றைச் சொன்னால் துணைத்தலைவர் அதை மறுப்பார் என்பது அந்தச் சங்கத்தில் எழுதாத விதி. அன்றைய கூட்டம் அதிலேயே முடிந்தது. அடுத்த வாரம் நூர் முகமது ஒரு சாட்சியோடு வர வேண்டும் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் சைனம்பு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இவன் என் தம்பி நூர் முகமது. அம்புட்டும் இவன்தான். குறைஞ்சது இருக்கே, அது இங்கன வந்து உக்காந்து உக்காந்து குறைஞ்சது. வேற என்ன வேணும்?"

"குறைஞ்ச பகுதி எங்க போச்சுன்னு சாட்சி தெளிவாச் சொல்லிட்டாங்க," என்று பெருமாள்சாமி பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சைனம்பு தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, பிறை நெருங்கிருச்சு. நாளைக்கே சித்தையன்கோட்டை பஸ் ஏறு."

"அர்த்தம் தெரியாமப் போயி, அது தப்பாப் போயிருச்சுன்னா?"

"எந்த அர்த்தம்டா? அந்தப் பிள்ளையைக் கட்டணும்னு இருக்கா இல்லையா உனக்கு?"

இருந்தது. தொண்டை வரைக்கும் இருந்தது. நடுவில் சங்கம் உட்கார்ந்திருந்தது.

உபகுழுவில் ஒற்றுமை ஏற்படாததால் விவகாரம் பொதுக்குழுவுக்குப் போனது. நாள் குறித்தார்கள். அந்த நாள் நோன்புப் பிறை பார்க்கும் மாலையாக அமைந்தது. கிதர் முகம்மதுவும் ஷரீஃபாவும் நோன்புக்குச் சாமான் வாங்கத் திண்டுக்கல் வந்திருந்தார்கள். சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள் என்று சைனம்பு வந்து சொன்னபோது, நூர் முகமது புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"பஸ் ஸ்டாண்டுக்குத்தானே கிளம்பிட்ட?" என்று அவள் முகம் மலர்ந்தது.

"இல்லக்கா, கூட்டத்துக்கு. அர்த்தம் இன்னைக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சதும் ஓடிப் போய்ச் சொல்லிடறேன்."

சைனம்பு திரும்பிப் போய்விட்டாள். இந்தத் தடவை அவள் எதையும் வீசாமல் போனது அவனுக்கு என்னவோ செய்தது.

பண்டகசாலைக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மேடையில் நூர் முகமதைத் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் நடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். மேடை ஏறுமுன் அவன் செருப்பைக் கீழே கழற்றிவிட்டிருந்தான். வரவேற்புரை நடந்தது. வரவேற்றவரைப் பாராட்டி ஓர் உரை நடந்தது. வெயில் மேற்கே மலைப்பக்கம் சாயத் தொடங்கிய பிறகு தலைவர் பொன்னழகு எழுந்தார்.

"பேரன்புமிக்க உறுப்பினர்களே. இந்தச் சீட்டில் உள்ள வாசகம் வானத்திலிருந்து விழுந்ததன்று. நானும் துணைத்தலைவரும் அரும்பாடுபட்டு ஆக்கியது. 'தயங்காமல் முடிவெடு' என்று நான் எழுதினேன். நண்பர் ஏற்கவில்லை. 'அவசரப்பட்டு முடிவெடுக்காதே' என்று அவர் எழுதினார். நான் ஏற்கவில்லை. எவர் வாசகம் நல்லது என்று நாங்கள் மாதக்கணக்கில் வாதாடினோம். சீட்டு இல்லாமல் எந்திரம் சும்மா நின்றது. முடிவில் இரண்டையும் சேர்த்தே அச்சடித்தோம். இதனால் பொருள் கெட்டதே தவிர, ஒற்றுமை கெடவில்லை."

பலத்த கைதட்டல். நூர் முகமது மட்டும் கைதட்டவில்லை. அவன் காதில் விழுந்தது மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

துணைத்தலைவர் முத்துச்சாமி எழுந்தார். "தலைவர் ஒன்றை விட்டுவிட்டார். இந்த வாசகத்தில் ஒரு பெரும் நன்மை உண்டு. சீட்டு வாங்கியவர் எதைச் செய்தாலும் சங்கம் சொன்னபடி செய்தவர் ஆகிறார். அது நன்றாக முடிந்தால் சங்கத்துக்குப் பெருமை. கெட்டுப்போனால் சங்கம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு நிறுவனம் இதைவிடப் பொறுப்போடு நடந்துகொள்ள முடியாது."

அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். பிறகு பெருமாள்சாமி ஒலிபெருக்கி முன் வந்து தீர்மானத்தை வாசித்தார். உறுப்பினர் நூர் முகமது சித்தையன்கோட்டை ஷரீஃபாவை மணந்துகொள்ளலாம் என்பது தீர்மானம். அதை உரிய ஆலோசனைக்குப் பின் எடுத்துக்கொள்ள ஒத்திவைக்கலாம் என்பது துணைத்தலைவரின் திருத்தம். கைகளைத் தூக்கச் சொன்னார்கள்.

நூர் முகமது மேடையிலிருந்து பார்த்தான். தலைவரின் ஆட்கள் தூக்கினார்கள். பிறகு துணைத்தலைவரின் ஆட்கள் தூக்கினார்கள். மண்ணெண்ணெய் வாங்க வந்து கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒருவர் இரண்டு தடவையும் தூக்கினார். தூக்கியவர்களில் ஒருவருக்கும் ஷரீஃபா யார் என்று தெரியாது. அவள் கேட்ட கேள்வி தெரியாது. அவனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் அவனுக்குப் பழக்கமில்லாததால், உடம்புக்குத்தான் ஏதோ செய்கிறது என்று நினைத்துத் தண்ணீர் குடித்தான்.

எண்ணிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சமம்.

பெருமாள்சாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு ஓட்டு பாக்கி இருக்கு. உறுப்பினர் நூர் முகமது இன்னும் கை தூக்கலை. தம்பி, உங்க ஓட்டு எந்தப் பக்கம்?"

நூர் முகமதின் கை பாதி உயரத்தான் செய்தது. தூக்கினால் கல்யாணம் நிறைவேறிவிடும். ஆனால் அது சங்கம் நடத்திவைத்த கல்யாணமாகிவிடும். நாளைக்கு ஷரீஃபா கேட்டால் பெரும்பான்மை என்றா பதில் சொல்வது? கையைக் கீழே போட்டான். எழுந்தான்.

"நான் ஓட்டுப் போடலைங்கய்யா. நான் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கப் போறேன்."

"அது எந்தப் பக்கம்னு குறிக்க?" என்றார் பெருமாள்சாமி.

"சித்தையன்கோட்டைப் பக்கம்னு குறிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து குதித்தான்.

நன்றியுரைக்கு முன்னால் யாரும் போகக்கூடாது என்று ஒலிபெருக்கி கத்தியது. அவன் பந்தலைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, கழுத்தில் மாலையோடு ஓடினான். வழியில் பார்த்தவர்கள் ஓடிப்போகிற மாப்பிள்ளை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பெண் வீட்டைப் பார்த்து ஓடுகிற மாப்பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டமே மேற்கே பார்த்துப் பிறைக்காக நின்றுகொண்டிருந்தது. செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டை போகும் பஸ் உறுமத் தொடங்கியிருந்தது. முன் ஜன்னலோரம் ஷரீஃபா, அவளுக்குப் பின்னால் கிதர் முகம்மது. நூர் முகமது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

"மாமா, உங்க மகளை எனக்குக் கட்டிக்குடுங்க. எனக்கு இவகளைத்தான் பிடிச்சிருக்கு."

அவன் சொல்லி முடிப்பதும், பின்னால் கூட்டத்தில் "பிறை, பிறை" என்று சத்தம் எழுவதும் ஒன்றாக இருந்தது. பிறை எந்தக் குழுவையும் கேட்காமல் மலைக்கு மேல் மெல்லிசாக நின்றது.

கிதர் முகம்மது அவனுடைய மாலையைப் பார்த்தார். பிறையைப் பார்த்தார். சொன்ன சொல் தவறாதவர். "கெடு பிறை வரைக்கும்ல தம்பி குடுத்தேன்?" என்று சங்கடமாகச் சொன்னார். "நீங்க சொன்னது முந்தியா, பிறை தெரிஞ்சது முந்தியா?"

நூர் முகமதுக்கு உயிரே போய்விட்டது. பழக்கதோஷம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். யாரும் இல்லை. ஷரீஃபா மட்டும் இருந்தாள்.

"அத்தா," என்றாள் அவள், பிறை இருந்த பக்கம் திரும்பாமலே. "எனக்கு இவுக சொன்னதுதான் முதல்ல கேட்டுச்சு."

கிதர் முகம்மது சிரித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. ஷரீஃபா ஜன்னலிலிருந்து குனிந்து அவனுடைய காலைப் பார்த்துவிட்டு, "செருப்புக் கடைக்காரரே, செருப்பு எங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பெருநாள் கழிந்து கல்யாணம் நடந்தது. பண்டகசாலை தன் ஆலோசனையால் நடந்த முதல் திருமணம் என்று வாசலில் போர்டு எழுதி வைத்தது. துணைத்தலைவர் மறுப்புத் தெரிவித்ததால் அதற்குப் பக்கத்திலேயே, சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னொரு போர்டும் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் வெகுநாள் கழித்து, நூர் முகமதின் மகன் தவழத் தொடங்கியிருந்த ஒரு மாலையில், பெருமாள்சாமி அவர்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உறுப்பினருக்கு நேர்ல தெரிவிக்கணும்னு விதி. உங்க விஷயத்துல தீர்மானம் ஆயிருச்சு, தம்பி. நேத்துத் தலைவருக்குக் காய்ச்சல், கூட்டத்துக்கு வரலை. அதனால திருத்தம் செயிச்சிருச்சு. கல்யாணத்தை ஒத்திவைக்கணும்."

ஷரீஃபா இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். "சரிங்கண்ணே, ஒத்திவச்சுக்கிறோம். செத்த நேரம் உக்காருங்க. டீயா, காப்பியா?"

"எனக்கு டீ," என்றான் நூர் முகமது உடனே.

பெருமாள்சாமி அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் டீயே சொன்னார். டீ வந்தது. குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு மேடையிலருந்து எந்திரிச்சுப் போனீங்களே. யாரைக் கேட்டுப் போனீங்க?"

"யாரையும் கேக்கலைங்கய்யா."

"யாரையுமா?"

"ஆமா. போகணும்னு இருந்துச்சு, போனேன்."

பெருமாள்சாமி பாதி டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருடைய முகத்தில் வருஷக்கணக்காகத் துணிப் பிரிவைப் பார்த்துக் கிடந்த அந்த நாற்காலி தெரிந்தது.

"அப்படியும் செய்யலாமா?" என்று கேட்டார்.

"செய்யலாம் போலத்தாண்ணே இருக்கு," என்றாள் ஷரீஃபா.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். துணிப் பிரிவு இன்னும் செத்த நேரத்தில் மூடிவிடும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். வாசலைத் தாண்டி இறங்கியவர் முதலில் வேகமாக நடந்தார். தெருமுனை போவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார். சங்கத்தின் செயலாளர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஷரீஃபா வாசலில் ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணே, செருப்பு," என்று கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை.

"விடு," என்றான் நூர் முகமது. "புதுசு வாங்க ரெண்டு பேருமா கடைக்கு வருவாக."